கையெழுத்துப் போடாத அக்கா

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை எந்தக் காகிதத்திலும் எழுதிவிடக் கூடாது என்று அத்தனை வருஷம் காவல் காத்த மனுஷி அவர். நான் பாட்டுக்கு அதை அச்சில் ஏற்றிவிட்டால், பூண்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து என் காதைத் திருகிவிட்டுத்தான் மறுபடி மலையேறுவார்.

நான் கொடைக்கானலில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்டாக இருக்கிறேன். நிலமோ வீடோ வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் தயார் செய்து, பக்கத்துக் கட்டடத்தில் பதிவுக்கு அனுப்புவது எங்கள் தொழில். முதலாளியை ஊரே ‘எழுத்தர் ஐயா’ என்று கூப்பிடும். அவர் எழுதி நான் பார்த்ததில்லை. அவர் சொல்வார், நான் அடிப்பேன்.

நாங்கள் அதிகம் அடிப்பது விடுதலைப் பத்திரம். ‘என் தகப்பனார் சொத்தில் எனக்குள்ள பாகத்தை என் சகோதரர்களுக்கு மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்’ என்று பெண் பிள்ளை எழுதிக்கொடுக்கும் காகிதம். அதற்கென்று ஒரு சடங்கே உண்டு. காலையில் கார் அனுப்பி அக்காளையோ தங்கச்சியையோ கூட்டி வருவார்கள். வழியில் ஜவுளிக்கடையில் ஒரு சேலை. அப்புறம் ஓட்டலில் பிரியாணி. பிறகு எங்கள் கடை. அந்தப் பெண் வாயில் இன்னும் பிரியாணி மணம் போகாமல், மடியில் சேலைப் பையை வைத்துக்கொண்டு, நான் விரல் வைத்துக் காட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவாள். பத்து நிமிஷ வேலை. போகும்போது காரில் இடம் இருக்காது, பஸ் ஏற்றிவிடுவார்கள்.

அக்காவும் அப்படித்தான் முதல் முறை வந்தார். ஐம்பதைத் தொடுகிற வயது, ஒடிசலான உடம்பு, தலையில் ஆண்பிள்ளைகள் போடுகிற கம்பளிக் குல்லா. ஒரு பக்கம் அண்ணன்காரர், கொடைக்கானலில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறவர். மறு பக்கம் தம்பிக்காரர், வத்தலக்குண்டில் காய்கறிக் கமிஷன் கடை. நடுவில் அக்கா, கைதியைப்போல இல்லை, கல்யாணப் பெண்ணைப்போல உட்கார்ந்திருந்தார்.

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கை வலிக்குது தாயி. விதைப் பூண்டு உடைச்ச கை. இன்னொரு நாளைக்கு வாரேன்” என்று எழுந்துவிட்டார்.

சேலையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய அப்பா பூண்டியில் ஒன்றரை ஏக்கர் வைத்துவிட்டுச் செத்துப்போனார். மூன்று பிள்ளைகள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் மூணாறு பக்கம் போய் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டதால் அக்கா அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து பதினெட்டு வருஷமாக அந்தத் தோட்டத்தில் பூண்டும் கேரட்டும் போட்டு வந்தது அவர் ஒருவர்தான். அப்பாவுக்குக் கடைசி வரை கஞ்சி ஊற்றியதும் அவர்தான். இப்போது கீழேயிருந்து வந்த ஒரு ரிசார்ட்காரர் முழு நிலத்தையும் கேட்கிறார். அண்ணனும் தம்பியும் சரி என்றுவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர் இருக்கிறதே, அந்த மூன்றாவது கையெழுத்து வேண்டும். போட்டால் அக்காவுக்கு நிற்க இடமில்லை. போடாவிட்டால் விற்க முடியாது.

எங்கள் கடையில் அப்போது யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அக்கா இதற்காகப் புதிதாகக் கையெழுத்தை நிறுத்தியவர் இல்லை. அவர் எதற்குமே கையெழுத்துப் போடமாட்டார்.

மகளிர் குழுக் கூட்டத்தில் எல்லாரும் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா முறை வந்தால், “அதான் வந்து ஒக்காந்திருக்கேன்ல. கண்ணு தெரியலையா?” என்பார். குழுத் தலைவி அவர் பெயருக்கு நேராக ஒரு டிக் அடித்துக்கொள்வாள். காட்டுமாடுகள் இறங்கித் தோட்டத்தை மிதிக்கின்றன என்று ஊரே சேர்ந்து வனத்துறைக்கு மனு எழுதியது. அதிகமாக மிதிபட்டது அக்காவின் பாத்திகள்தான். ஆனாலும் மனு அவரிடம் வந்தபோது, “மாடு இதைப் படிக்கவா போகுது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு முறை மருந்தடிக்கும் பம்பு பார்சலில் வந்தது. கொண்டுவந்த பையன் தன் போனை நீட்டி, கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னானாம். அக்கா அவனை உட்காரவைத்து, கட்டங்காப்பி கொடுத்து, வெயில் மழை குளிர் எல்லாம் விசாரித்து, கடைசியில் பார்சலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பம்பு மூன்று தரம் மலையேறி மூன்று தரம் இறங்கியது.

இதனால் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அக்காவுக்குக் கையெழுத்தே வராது, வெட்கப்பட்டுக்கொண்டுதான் இத்தனை நாடகம் ஆடுகிறார் என்று. நாளாக நாளாக அது பேச்சு என்பதே மறந்து உண்மையாகிவிட்டது.

இரண்டாம் முறை வந்தபோது அக்கா முதல் சேலையை உடுத்தி வந்திருந்தார். அண்ணன்காரருக்கு அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அவர்கள் ஊர் வழக்கத்தில், கொடுத்த சேலையை உடுத்திவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம். அக்கா பத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார், பேனாவைக்கூட வாங்கிவிட்டார். பிறகு நிமிர்ந்து சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

“இன்னைக்கு அஷ்டமியா?”

“ஆமாக்கா” என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான்தான் சொன்னேன்.

“அஷ்டமியில அப்பாரு சொத்தை எழுதிக் குடுத்தா உங்களுக்குத்தான் ஆகாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கும் சேலை உண்டு. அவர் பச்சை கேட்டு வாங்கியிருந்தார்.

மூன்றாம் முறை பாத்ரூம் எங்கே என்று கேட்டார். பின்பக்கம் காட்டினேன். அரைமணி நேரம் ஆளைக் காணோம். தம்பிக்காரர் தேடிப்போனபோது பூண்டி பஸ் கடைக்கு முன்னால் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கம்பளிக் குல்லா. எங்களைப் பார்த்துக் கையாட்டியது.

எழுத்தர் ஐயா, “இனிமே அதைப் புதுசா அடிக்காதம்மா. தேதியை மட்டும் மாத்து” என்று என்னிடம் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் தேதி மட்டும் மாறிக்கொண்டு அந்தப் பத்திரம் தயாராகக் காத்துக் கிடந்தது.

எனக்கு அக்காவைப் பிடித்துப்போனது இந்தக் காலத்தில்தான். காய் ஏற்றிய ஜீப்பில் அவ்வப்போது டவுனுக்கு வருவார். திரும்பும் பஸ் வரும்வரை எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதிர்க்கட்சிக்காரர் ஆளுங்கட்சி ஆபீஸில் வந்து டீ குடிப்பதுபோலத்தான். ஐயாவுக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் அக்கா கொண்டுவரும் பூண்டின் மேல் ஆசை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் பழுத்த மலைப்பூண்டு. அதை என் மேஜை டிராயரில்தான் வைப்போம். அந்த மாதங்களில் எங்கள் கடைப் பத்திரங்கள் எல்லாமே பூண்டு வாசம் அடித்தன.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். “ஏன்க்கா, பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிறலாம்ல? எதுக்கு ஒவ்வொரு தடவையும் வந்துட்டு வந்துட்டுப் போறீங்க?”

“சொல்லிட்டா சண்டை புள்ள. சண்டை போட்டா அண்ணன் தம்பி இல்லாமப் போயிரும். எனக்கு நெலமும் வேணும், அவனுகளும் வேணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பாரு செத்த வீட்டுக்குக்கூடக் கடைசியா வந்து வெரசா கெளம்புனவனுக. இப்ப மாசம் ஒருக்கா கார் அனுப்புறானுக. சின்னவன் போன் போட்டு ‘சாப்ட்டியாக்கா’ங்கிறான். நான் கையெழுத்தைப் போட்டுட்டேன்னு வையி, அந்தப் போனு அடிக்குமா?”

“அண்ணன் உங்களை அங்கேயே இருந்துக்கச் சொல்றாரே. ரிசார்ட்டுல தோட்ட வேலை வாங்கித் தர்றேங்கிறாரே.”

“இருந்துக்கன்னு சொல்ற வாயிதான புள்ள, நாளைக்குக் கெளம்புன்னும் சொல்லும். பதினெட்டு வருசம் நான் பாடுபட்ட மண்ணுல எனக்கே சம்பளமா?” என்றவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விளையாட்டு இல்லை. எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. வாங்குகிறவருக்குப் பொறுமை போய்விட்டால் இந்த மனுஷியை என்ன செய்வார்கள் என்று இருந்தது.

ஐயா வெளியே போயிருந்தார். குரலைத் தாழ்த்தி, அண்ணன் தம்பிக்கு எவ்வளவோ அதே அளவு பெண்ணுக்கும் உண்டு என்றும், விடுதலைப் பத்திரம்போலவே பாகப்பிரிவினைப் பத்திரம் என்றும் ஒன்று உண்டு என்றும் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தெரியும். நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

நான்காம் முறைதான் ஊர் கதை கட்டியதன் பலன் வெளியே வந்தது. தம்பிக்காரர் பையிலிருந்து ஒரு மைப்பெட்டியை எடுத்தார். கட்டைவிரல் ரேகை உருட்டுகிற நீல மை. அதை அக்கா முன்னால் திறந்து வைத்து, ரொம்பப் பாசமாக, தாழ்ந்த குரலில் பேசினார்.

“அக்கா, எங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா. இதுக்கு எதுக்கு வெக்கம்? கைநாட்டு வச்சாலும் செல்லும். ஐயாவைக்கூடக் கேட்டுட்டேன்.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பை அடக்குகிறார்.

“ஏலே, நான் எட்டாங் கிளாஸ் பாஸ்டா. நீ ஏழுல ரெண்டு தடவை உருண்டவன். உனக்குக் கணக்கு நோட்டு எழுதிக் குடுத்தது யாருன்னு மறந்து போச்சா?”

என் மேஜையில் கிடந்த கழிவுத்தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார். அண்ணன் பெயரை எழுதினார். தம்பி பெயரை எழுதினார். அப்பா பெயரை எழுதினார். அச்சில் வார்த்த மாதிரி எழுத்து, சுழிகளெல்லாம் ஒரே அளவு. நான்காவதாக எழுதப்போகிறார் என்று மூன்று தலைகள் குனிந்தன. என் தலை நான்காவது. அக்கா பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

“நல்ல பேனா” என்றார்.

அந்தச் சேலை ஊதா.

அதற்கப்புறம்தான் ரிசார்ட்காரர் எங்கள் கடைக்கே வந்தார். அண்ணனையும் தம்பியையும் எதிரே உட்காரவைத்து, “அந்தம்மா போடமாட்டாங்க சார். இது தெரிஞ்சுபோச்சு. அவங்க பங்கைப் பிரிச்சுக் குடுத்துட்டு மிச்சத்தை எனக்கு எழுதுங்க. ஒரு மாசம் டைம். இல்லைன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சிக்கும் பங்கு உண்டு என்பது அதுவரை நினைவுக்கே வராத அண்ணன்காரருக்கு, வாங்க வந்தவர் சொன்னதும் சட்டம் விளங்கிவிட்டது.

பாகம் பிரிக்க நானும் ஐயாவும் ஒரு சர்வேயரும் ஜீப்பில் பூண்டிக்குப் போனோம். எல்லைகளைக் குறித்து வந்தால்தானே பத்திரம் அடிக்க முடியும்? தோட்டம் ரோட்டிலிருந்து படிப்படியாக மேலே ஏறிச் சோலைக் காட்டில் முட்டுகிறது. வெள்ளனே போய் இறங்கியும் பனி விலகவில்லை, மேல் படிகள் தெரியவே இல்லை.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு வைப்பான். முதலில் எடுப்பது கடைசித் தம்பி. வைத்தவன் கடைசியில் மிஞ்சியதை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒழுங்காக வைப்பான் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. இதில் பெண் பிள்ளை எந்த இடத்தில் நிற்பாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அதுவரை அந்த வரிசையில் நின்றதில்லை.

“நான் வைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் மொதல்ல எடுங்க. மிச்சம் எனக்கு” என்றார் அக்கா.

“பொம்பள பங்கு வைக்கிறதா? மூத்தவன் நான் கல்லு மாதிரி நிக்கிறேன்.”

“அப்ப நீயே வையிண்ணே. ஆனா ரோட்டுல நின்னு கை காட்டக் கூடாது. மேல வரைக்கும் நடந்து வைக்கணும்.”

அண்ணன்காரர் ரோஷமாக ஏறினார். சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிற பளபளப்பான ஷூ, ஈரமண்ணில் வழுக்கியது. நான்காவது படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “சரி, நீயே வச்சுத் தொலை” என்றார்.

அக்கா ஒரு கட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனார். மேலே எங்கோ ‘டொக் டொக்’ என்று குச்சி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று பங்கு ஆகிவிட்டது. ரோட்டை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று, காட்டை ஒட்டி ஒன்று. சர்வேயர் சங்கிலி போட்டுப் பார்த்துவிட்டு, “மூணும் அம்பது சென்ட் சுத்தமா இருக்கேம்மா, எப்படி?” என்று கேட்டார். “பதினெட்டு வருசமா குனிஞ்சுக்கிட்டே அளந்திருக்கேன் சார்” என்றார் அக்கா.

தம்பிக்காரர் ரோட்டை ஒட்டியதை எடுத்தார். அண்ணன்காரர் நடுவில் உள்ளதை எடுத்தார். ரிசார்ட்காரருக்கு இரண்டும் சேர்ந்தாற்போல் வேண்டுமே! மேல்பங்கு அக்காவுக்கு. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அது வெறும் கல்லுக்காடு. ஆடு மேய்க்கக்கூட ஆகாது. அதற்கப்புறம் அவர்கள் அந்த உயரத்துக்கு ஏறிப் பார்த்ததில்லை.

நான் ஏறிப்பார்த்தேன். ஒரு கல் இல்லை. பொறுக்கிய கல்லெல்லாம் இடுப்பளவு சுவராகச் சுற்றி நின்றது. மண்ணில் கையை வைத்தேன், மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. காட்டுச் சருகும் சாணியும் பதினெட்டு வருஷம் சுமந்து கொட்டிய கரிய மண். மூலையில் ஊற்று, அதிலிருந்துதான் கீழே இரண்டு பங்குக்கும் ஓஸ் பைப் போகிறது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. அக்கா உதட்டில் விரலை வைத்தார்.

“தண்ணியெல்லாம் தடுக்க மாட்டேன் புள்ள. கேட்டா விடுவேன்” என்றார் மெதுவாக. “ஆனா கேக்கணும்.”

பதிவு நாளன்று எங்கள் கடை நிறைந்துவிட்டது. அக்கா கையெழுத்துப் போடுகிறாராம் என்று காய் ஜீப்பில் ஏறிப் பூண்டியிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள், மகளிர் குழுத் தலைவி உட்பட. நாட்டில் எந்தப் பத்திரத்துக்கும் அவ்வளவு பார்வையாளர்கள் வந்திருக்க மாட்டார்கள். நான் பேனாவை நீட்டினேன்.

“படி” என்றார் அக்கா.

“எல்லாம் சரியா இருக்குக்கா.”

“படி தாயி. மொதல்ல இருந்து.”

யாரும் கேட்டதில்லை. அத்தனை வருஷத்தில் எங்கள் கடையில் ஒரு பெண்கூடப் படித்துக்காட்டு என்று கேட்டதில்லை, நாங்களும் படித்ததில்லை. நான் படித்தேன். பதினாலு பக்கம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருடைய பங்கின் எல்லைகள் வந்தபோது, வடக்கே காடு, மேற்கே ஓடை என்று படித்தேன்.

“ஓடை கெழக்க கெடக்கு” என்றார், கண்ணைத் திறக்காமல்.

நான் டைப் அடித்ததில் பிழை. ஐயா என்னை முறைத்தார். திருத்தி அடித்துத் திரும்பக் கொண்டுவந்தேன். அதையும் படிக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் பேனாவை வாங்கினார். பதினாலு பக்கத்திலும், முழுப் பெயரும், ஒரு எழுத்தைச் சுருக்காமல், ஒரு புள்ளியை விடாமல். தங்கள் பத்திரத்துக்காகப் பின்னால் காத்து நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா அவசரப்படவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் குழுத் தலைவி மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத் தோன்றவில்லை.

எல்லாரும் போன பிறகு அக்காவும் நானும் பெஞ்சில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். பத்திரம் ரசீதோடு அவர் மடியில் இருந்தது.

“உங்க அப்பாரு என்ன வச்சுட்டுப் போனாரு?” என்று கேட்டார்.

“நாயுடுபுரத்துல வீடும், பின்னாடி எட்டு சென்ட் தோட்டமும்க்கா.”

“யாரு பேர்ல கெடக்கு?”

“அண்ணன்க பேர்ல.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “கையெழுத்துப் போட்டியா?”

“போட்டேன்.”

“உனக்கு யாரு படிச்சுக் காட்டுனா?”

“யாரும் படிக்கல. அந்தப் பத்திரத்தை நானேதானக்கா டைப் அடிச்சேன்.”

அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். பஸ் வந்து நின்றது. எழுந்திருக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“தப்பில்லாம அடிச்சியா?”

“ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லக்கா” என்றேன்.